வெள்ளை வயிறு

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுபவருக்கு எலிக்குட்டிகளைக் கண்டாலே குமட்டும். தோலுரித்த விரல்களைப் போல ஈரமாய் நெளியும் சனியன்கள்! ஆனால் கழுவி முடிப்பதற்குள் குளிரில் விறைத்துச் செத்தால் மேடத்திடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? அதனால் முகத்தைச் சுளித்தபடியே அள்ளித் தன் பனியனுக்குள் போட்டுக்கொள்வார். நேற்றும் அப்படித்தான்.

தாய் எலி முந்தாநாளே செத்துவிட்டது. பால் சுரக்கவைக்கும் மரபணுவை எந்த ஹார்மோன் எழுப்புகிறது என்று மேடம் ஊசி போட்டுப் பார்த்த எலி. குட்டிகளும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கழுவுபவர் இன்று குப்பைப் பையோடு வந்தார். அவை கொழுகொழுவென்று கிடந்தன. மெல்லிய தோலுக்குள், வயிறு நிறையப் பால் வெள்ளையாய்த் தெரிந்தது.

"வேற தாயை உள்ள விட்டீங்களா?" என்றார் மேடம்.

"இல்லீங்க மேடம். இந்த ரூம்ல மிச்சமெல்லாம் ஆண் எலிதான்."

மேடம் சிரித்தார். "ஆண் எலிக்குக் காம்பே கிடையாது. ஆம்பளைங்களுக்குத்தான் அந்த வெட்டி அலங்காரம்."

கழுவுபவருக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் மனைவி அவருடைய பனியனை விரல் நுனியில் தூக்கிப் பிடித்து, "என்னங்க இது, புளிச்ச பால் நாத்தம் குடலைப் புரட்டுது?" என்று கேட்டிருந்தாள். எலி நாற்றம் என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கூண்டைக் கழுவியாக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு குட்டிகளைப் பனியனுக்குள் விட்டார். அவை வழி தெரிந்தவை போல நெஞ்சின் இரண்டு பக்கமும் பிரிந்து ஊர்ந்தன. நெளிச்சல் நின்றது. உடம்பெல்லாம் கூச, ஒன்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபக்கம் பனியனில் ஈரம் வெதுவெதுப்பாய்ப் பரவிக்கொண்டிருந்தது.