பயணிகள் நோட்டு

“அந்த நிஷினோ அம்மாவ நீ பாத்திருக்கியா? எப்படி இருப்பாங்க?” என்று ஹொசோதா ஒருமுறை கேட்டபோது, சிசாதோ இல்லையென்று தலையாட்டியிருந்தாள். ஊழியர் எவருமில்லாத அந்த மலையடி ரயில் நிலையத்தைத் தானாக வந்து கூட்டிப் பெருக்கும் முதியவர் ஹொசோதா. பள்ளியை விட்டு நின்றது வீட்டுக்குத் தெரியாமலிருக்க, சீருடையோடு பகலெல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பவள் அவள். பயணிகளுக்காக அவர் வைத்த நோட்டில் ஒருவரும் எழுதவில்லையே என்று, நிஷினோ என்ற ஒரு பெண்ணின் பெயரில் எழுத ஆரம்பித்தவளும் அவள்தான். ஒவ்வொரு வரிக்கும் அவர் பதில் எழுதினார். போன வாரம், கை போன போக்கில், ‘செவ்வாய்க்கிழமை பத்தரை வண்டியில் வருகிறேன்’ என்று எழுதிவிட்டாள்.

செவ்வாயன்று அவர் இஸ்திரி போட்ட சட்டையில், பிளாஸ்க்கும் இரண்டு கோப்பைகளுமாக வந்தார். “சிரிக்காதே, சாயம்தான்,” என்று தலையைத் தடவிக்கொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒற்றைப் பெட்டி வண்டி வந்து நின்றது. எவரும் இறங்கவில்லை.

“உடம்புக்கு முடியலையோ என்னமோ,” என்றார். “இன்னிக்குக் கை நடுங்குது. நீ எழுதிக்கொடேன், சிசாதோ. அடுத்த செவ்வாயும் காத்திருப்பேன்னு.”

தன் கையெழுத்து தெரியாமலிருக்க எழுத்தைச் சாய்த்துச் சாய்த்து எழுதிப் பார்த்தாள். கை பழகிய வழியிலேயே போனது. மேலே நிஷினோவின் வரி, கீழே அவளுடையது; இரண்டும் ஒரே கையெழுத்து. அவர் குனிந்து இரண்டையும் பார்த்தார். அவள் நோட்டிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றி அவளருகே வைத்தார். மற்றதைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.