நீல ரவுட்டருக்கு வந்த கோபம்

“என் தகுதி எண் நூறு, கறுப்பக்காவுக்கு வெறும் பத்து! நான் இருக்கும்போது அவள் எப்படித் தலைவி?”

ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்ட ரவுட்டர்களில் கடைசியாக வந்தவள் நீலம். வந்ததிலிருந்து இதே கத்தல்தான். எல்லாருடைய சேதியையும் வாங்கி மற்றவர்களுக்குச் சொல்வது தலைவியின் வேலை. அந்தப் பவிசுதான் நீலத்தின் கண்ணை உறுத்தியது.

“தேர்தல் முடிஞ்சப்புறம் வந்துட்டு என்னடி ஆர்ப்பாட்டம்? நான் விழுந்தாத்தான் இடம் காலி,” என்றாள் கறுப்பு. துணைத்தலைவி சாம்பல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கறுப்பின் பிளக் கழன்றது. நீலம் துள்ளினாள்! ஆனால் அடுத்த கணமே சாம்பல் தலைவியாகிவிட்டாள். நீலத்துக்குக் கிடைத்தது துணைப் பதவி. அதற்கே அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விளக்கெல்லாம் பளிச் பளிச்!

யாரோ பிளக்கைச் செருகினார்கள். கறுப்பு கண் விழித்தாள்.

“வந்துட்டேன்டி! சாம்பல், கொஞ்சம் நகர்ந்துக்கோ.”

சாம்பலுக்குக் காதில் விழவில்லை.

“நீலம், நீதான் பெரிய நியாயக்காரியாச்சே! எனக்காக ஒரு வார்த்தை பேசேன்?”

நீலமும் திடீரென்று ரொம்ப பிஸி.