நாற்பத்திரண்டு கிளைகள்

“சார், ஒவ்வொரு பேங்க் வாசல்லயும் நாய் மாதிரி நிக்கறேன். எந்தக் கிளை நடக்குது, எதை இழுத்து மூடிட்டாங்கன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரல!” கல்கத்தாவின் கிடர்பூர் பஸ் நிறுத்தத்தில், லாரிச் சத்தத்தை மீறி முத்துக்குமார் போனில் கத்தினான்.

மதுரையிலிருந்து அவனுடைய வழிகாட்டி, பொருளாதாரப் பேராசிரியர் ராஜ்மோகன், அதைவிட உரக்கக் கத்தினார். “வெள்ளிக்கிழமை கமிட்டி. ரெண்டு தடவை அவகாசம் வாங்கியாச்சு. டேட்டா வரலேன்னா உன் பிஎச்.டி. பதிவே ரத்து. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே!”

ஹவுரா மாவட்டத்துக் கிராம வங்கிக் கிளைகளில் எத்தனை நிஜமாகவே திறந்திருக்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. மூன்று வாரமாக அலைந்தாயிற்று. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டியது. அது மறுபடி முதல் அலுவலகத்தையே காட்டியது. நாலு வருஷ உழைப்பு இப்படிப் பாழாகிறதே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மாலை, லேக் மார்க்கெட் பக்கத்தில் வழக்கமாகச் சாப்பிடும் தமிழ்க்காரர் இட்லிக் கடையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் மகள் ஸ்மிதா பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள், அவள் தமிழில் பாதி வங்காளம். அவனை ‘முத்துதா’ என்பாள். முதல் நாள் எதையோ தரச் சொல்லிக் கேட்கிறாள் என்று நினைத்தான். இங்கே அண்ணனுக்கு ‘தா’ என்று வால் ஒட்டுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

“என்ன முத்துதா, இட்லி பாலோ இல்லியா, நல்லா இல்லியா?”

“இட்லி இருக்கட்டும். ஹவுரால எங்கெங்க பேங்க் இருக்கு, எங்கெங்க இல்லேன்னு தெரியணும். இல்லேன்னா நான் செத்தேன்.”

பார்சல் கட்டிய கை நின்றது. “நீங்களும் ப்யாங்கா? நானும் அதுலதான் ரிசர்ச்! அஞ்சு வருஷமா ஹவுரா பூரா அலையறேன்.”

வங்காளிகள் வாயில் பேங்க் என்பது ‘ப்யாங்க்’ ஆகிவிடும். மூன்று வாரத்தில் காது தேய்ந்து அவன் கற்ற ஒரே பாடம் அதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.

பையிலிருந்து நீளமான தாள் ஒன்றை எடுத்தாள். தலைப்பு, ஊர்ப் பெயர் எல்லாம் வங்காள எழுத்து. அவனுக்கு எண்கள் மட்டும் புரிந்தன. “இருந்தா ஒண்ணு, இல்லேன்னா சைபர். ஆரம்பத்துல நாப்பத்திரண்டு எடத்துலயும் இருந்துச்சு. இப்போ பதினெட்டுலதான்.”

“மத்ததெல்லாம் ஏன் போச்சு?”

“புக்கூரை மூடி ஃப்ளாட் கட்டிட்டாங்க. புக்கூர்னா... தமிழ்ல வார்த்தையே வரமாட்டேங்குது... ஆங், குளம்! குளம் போனா ப்யாங் எப்படி இருக்கும்? மழைக்காலத்துலதான் சுறுசுறுப்பு. வெயில்ல ஒண்ணும் அசையாது.”

முத்துக்குமாருக்குப் பொறி தட்டியது. குளம் போனால் மீன் வளர்ப்பவன் போவான், அவனோடு சேமிப்பும் போகும், கிளையை மூடிவிடுவார்கள். மழை வந்தால் நெல் விதைப்பு, பயிர்க்கடன், கிளையில் கூட்டம். அடப்பாவி, இவ்வளவையும் பையில் வைத்துக்கொண்டு இந்தப் பெண் சட்னி பொட்டலம் கட்டுகிறாளே!

இரண்டே நாளில் அத்தியாயத்தை எழுதி அனுப்பினான். “இதுதான்டா ஆராய்ச்சி!” என்றார் ராஜ்மோகன். நாலு வருஷத்தில் அதுதான் முதல் பாராட்டு.

அதற்கும் ஆயுசு வெள்ளிக்கிழமை மதியம் வரைதான். கமிட்டியில் இருந்த கணக்குப் பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் உதட்டைப் பிதுக்கிவிட்டாராம். கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தினால் தனக்குச் சந்தேகம் வரும் என்றும், ஒரு கிளையையாவது கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்து என்றும் ஒரே பிடிவாதமாம்.

“அஞ்சு மணிக்கு வீடியோல வா. ஒரே ஒரு பேங்க்கைக் காட்டு, போதும். காட்டலேன்னா அவர் விடமாட்டார்,” என்றார் ராஜ்மோகன்.

ஸ்மிதாவைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு ஹவுராவில் ரயில் ஏறி, சாந்த்ராகாச்சியில் இறங்கினான். மழை கொட்டியது. அவள் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸில் விறுவிறுவென்று நடந்தாள். இவன் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொண்டது. வீடுகள் முடிந்தன, தெருவும் முடிந்தது. ஒரு குளக்கரையில் போய் நின்றுவிட்டாள். கண்ணுக்கெட்டிய வரை கட்டடமும் இல்லை, போர்டும் இல்லை.

“பேங்க் எங்க ஸ்மிதா? மணி அஞ்சு ஆகுது! இன்னும் எத்தனை பேர்தான் என்னை அலைய விடுவீங்க?”

“கத்தாதீங்க முத்துதா. இங்கதான் இருக்கு,” என்று அவள் கரையோரம் குனிந்தாள்.

போன் அடித்தது. திரையில் ராஜ்மோகன், பக்கத்தில் கண்ணாடியைத் துடைத்தபடி அனந்தகிருஷ்ணன், பின்னால் இன்னும் மூன்று தலைகள். “ம், காட்டுப்பா,” என்றார் கணக்குக்காரர்.

ஸ்மிதா நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பாக, பொத்திய கையைப் போனுக்கு நேரே நீட்டி விரல்களை மெல்லத் திறந்தாள். “நமஸ்காரம் சார். இதான் எங்க ஹவுரா ப்யாங்! தமிழ்ல பேருதான் வரமாட்டேங்குது.”

மதுரையில் ஐந்து தலைகளும் திரையை நெருங்கிக் குனிந்தன. கடைசியில் ராஜ்மோகன் குரல்தான் வந்தது.

“டேய் முத்துக்குமார்... அது தவளைடா!”