ராசாவின் தலையாட்டல்

உப்பளத்துக் காவல் வேலையில் கிடந்த எருமைக்குக் குளத்தங்கரைக்கு மாற்றல் வேண்டும். குளித்து மாசக்கணக்காகித் தோலெல்லாம் வெடித்துப் போயிருந்தது. சிங்க ராசாவிடம் போய்க் கேட்டது. ராசா தலையை உதறினார். முடியாதாம்.

அழுதுகொண்டே திரும்பிய எருமையை வெளிதேசத்து நாரை ஒன்று மறித்தது.

"எங்க தேசத்துல குளத்துக்காரங்களே கூடிப் பேசிக் காவலுக்கு ஆள் வைப்பாங்க. இங்க யாரு?"

"ராசாதான்."

"அட போக்கா! அவரு மேல இருக்குற உண்ணிதான். அது காதுல கடிச்சா தலையை உதறுவாரு, பிடரியில கடிச்சா குனிவாரு. நீங்க அதை 'முடியாது', 'சரி'ன்னு எடுத்துக்குறீங்க."

சொன்ன கையோடு நாரை பறந்துபோய் உண்ணியைக் கொத்தி விழுங்கியது.

எருமை ஆசையாக மறுபடி கேட்டது. ராசா தலை இப்படியும் அசையவில்லை, அப்படியும் அசையவில்லை. காட்டில் ஒரு வேலையும் நகரவில்லை.

மந்திரி நரி தலையில் அடித்துக்கொண்டது. "எந்தப் பாவி தின்னான்? உத்தரவு போட ஆளில்லையே!"

எருமை மெல்ல முதுகைத் திருப்பியது. "நம்மகிட்ட ஒண்ணு இருக்குங்க ஐயா. கன்னுலேருந்து என் ரத்தம் குடிச்சு வளர்ந்த புள்ளை. ராசா பிடரியில விடுங்க."

சாயங்காலம் எருமை குளத்தில் மூக்கு மட்டும் தெரியக் கிடந்தது.