சொல்லிக்கொடுத்தது

அவள் கதவைத் திறக்கவில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள்.

வெளியே ரெஜினா. குழந்தைகள் நல அலுவலகத்துப் பெண். இவள் மகள் கனிஷ்காவை அரசு குழந்தைகள் இல்லத்துக்குக் கூட்டிப்போனவள்.

அதற்குப் பிறகும் வாராவாரம் வந்துகொண்டுதான் இருந்தாள். மில்லுக்கு நேரமாகிவிட்டது, தலைவலி என்று ஏதாவது சொல்லி வாசலோடு அனுப்பிவிடுவாள் இவள். ஒருமுறை மூச்சுக் காட்டாமல் உள்ளேயே இருந்துகொண்டாள்.

கேட்டவர்களிடமெல்லாம் சொன்னது ஒன்றுதான். பிள்ளை தானாகத் தோசைக்கல்லில் கையை வைத்துவிட்டது.

இன்று ரெஜினா திறக்கச் சொல்லவில்லை. படியில் உட்காரும் சத்தம் கேட்டது.

"கேள்வி கேக்க வரலக்கா. பாப்பா யாரப் பாத்தாலும், நானாதான் கைய வச்சுட்டேன்னு சொல்றா. கேக்காதவங்ககிட்டயும் சொல்றா. தூக்கத்துலயும் அதேதான்."



ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அவள் சொல்லிக்கொடுத்தது அது. ஈரத்துணி சுற்றிய கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் காதோடு காதாக.

திரும்பச் சொல்லு. இன்னொருவாட்டி சொல்லு.

விக்கலுக்கு நடுவே பிள்ளை சொல்லிப் பார்த்தது. ஒரு சொல் தப்பவில்லை.

அன்று இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மாவுச் சட்டி கவிழ்ந்து, அடுப்படியெல்லாம் மாவு. கரண்டியைக் காயவைத்துப் பிள்ளையின் கையில் சூடு போட்டுவிட்டாள்.

அம்மாவுக்குத் தோசை ஊற்றி வைக்கத்தான் பிள்ளை சட்டியை எடுத்திருக்கிறது. அது பிறகுதான் உறைத்தது.

கதவைத் திறந்தாள்.

"நாந்தான் மேடம் சூடு வச்சேன்."

ரெஜினா எழுந்திருக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டாள். இதை மேலே சொல்லியாக வேண்டும், மறைக்க முடியாது, கேஸ் வந்தாலும் வரலாம் என்றாள். எங்கே கூப்பிட்டாலும் கூட வருவதாகவும் சொன்னாள்.

முதலில் பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் அவள் கேட்டாள்.

மறுநாள் இருவரும் பஸ்ஸில் போனார்கள்.

இல்லத்துப் பார்வையாளர் அறையில் கனிஷ்கா சுவரோடு ஒட்டி நின்றாள். யாருடையதோ சட்டை, தோள் இறங்கியிருந்தது. தழும்பு தெரியாதபடி கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையின் முகத்துக்கு நேராக.

நீயாகக் கையை வைக்கவில்லை, அம்மாதான் சுட்டேன், தப்பு முழுக்க அம்மாவுடையது, இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல் என்றாள். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்திருந்தாள். குரல் மட்டும் உடைந்தது.

கனிஷ்கா வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே ரெஜினா நின்றிருந்தாள். பிள்ளை குனிந்து கிசுகிசுத்தது.

"மெல்லச் சொல்லும்மா. அவங்க ஒன்னயும் புடிச்சு வச்சிருவாங்க."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"பயப்படாத. அந்த அக்காவ நாந்தான் கூட வரச் சொன்னேன்."

ரெஜினா உள்ளே வந்து, தள்ளித் தரையில் உட்கார்ந்தாள்.

கனிஷ்கா ரெஜினாவைப் பார்த்தாள். பிறகு, அன்று கரண்டி பிடித்த அம்மாவின் வலது கையைப் பார்த்தாள்.

அவள் அந்தக் கையை நீட்டவில்லை. மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.