மண்டையளவுக் கருவி

சான் ரமோன் நகருக்குப் பக்கத்துத் தனியார் அருங்காட்சியகத்தின் மேசையில், வளைந்த இரண்டு கைகள் கொண்ட ஒரு பித்தளை அளவுகருவி வெயிலில் மின்னுகிறது. பழைய உலகக் கண்காட்சியொன்றில் வான்மதியின் கொள்ளுத்தாத்தாவை வேலிக்குள் நிறுத்திக் காட்சிக்கு வைத்தவர்கள், இதை வைத்துத்தான் அவர் மண்டையை அளந்தார்கள். அங்கேயே செத்தவரின் எலும்புகள் இந்தக் கட்டடத்தின் கிடங்கில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுத்தான் வந்திருக்கிறாள். “அந்தக் காலத்துல ஆளுங்களை இப்படிக் காட்சிக்கு வைக்கிறதைத் தடுக்கிற இன்டர்நேஷனல் லா எதுவும் இல்லைங்க மேடம். ரிட்டர்ன் பண்ண அவசியமில்ல,” என்கிறார் எதிரே உட்கார்ந்திருக்கும் அருங்காட்சியக வக்கீல் பத்ரி. வான்மதி அளவுகருவியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போகிறாள். அதன் வளைந்த இரண்டு கைகளையும் அவருடைய நெற்றிப்பொட்டுகளில் பொருத்துகிறாள். திருகாணியை முறுக்கினால் கைகள் அப்படியே பூட்டிக்கொள்ளும். முறுக்குகிறாள். “மேடம், என்னைக் கேக்காம என்ன பண்றீங்க?” “கேக்கணும்னு அந்தக் காலத்துல லா இல்லையே சார். ஆடாதீங்க, அளவு தப்பிடும்.” அவர் காதோரம் வேர்க்கிறது. அவள் நிதானமாகக் குனிந்து எண்ணைப் படிக்கிறாள்.