செருப்புத் தடம்

அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி கக்கும் சாம்பல், எத்தனை முறை பெருக்கினாலும் சகாயமேரியின் வீட்டுத் தரையில் மாவு சலித்ததுபோல் படிந்துவிடும். இருமி இருமித்தான் அவள் கணவர் போய்ச் சேர்ந்தார். "இன்னும் யாருக்காகக்கா இந்தச் சாம்பல்ல கெடக்குற?" என்று கேட்டபடி பக்கத்து வீட்டுக்காரியும் நேற்று வீட்டைக் காலி செய்துகொண்டு போனாள். தரையெங்கும் இப்போது சகாயமேரியின் வெறுங்கால் தடம் மட்டும்தான். அதைப் பார்க்கப் பிடிக்காமல் பெருக்கித் தள்ளிவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். சாம்பல் மறுபடி படிந்ததும், கட்டிலடியில் கிடந்த அவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை நடந்தாள். அவர் வந்துபோன வீடு மாதிரியாவது இருக்கட்டும் என்றுதான். திரும்பிப் பார்த்தாள். தடங்களெல்லாம் கட்டிலில் தொடங்கி வாசலைப் பார்த்தே போயிருந்தன.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயிருக்கலாம்ல?" என்றாள்.